கணினி மின்வழங்கியின் உட்கூறுகளும் தரமும்

கணினி மின்வழங்கி என்பது வீட்டு மின்னிணைப்பில் கிடைக்கும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் பாகங்களுக்குத் தேவையான குறைந்த அழுத்த நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் இது பரவலாக எஸ்.எம்.பி.எஸ். என அழைக்கப்படுகின்றது. இந்தியாவில் வழங்கப்படும் 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து இது 12, 5, 3.3 வோல்ட் அழுத்தங்களை உருவாக்குகின்றது. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை, இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பின் வழிவந்த மின்வழங்கிகளைக் கொண்டுள்ளன.

பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வாட் எண்ணைக் கொண்டு மட்டும் ஒரு மின்வழங்கியின் தரத்தை அறிய இயலாது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் சேலம், நாமக்கல் சமவெளி போன்ற பகுதிகளில், உட்கூறுகளின் தரம் கருவியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

உட்கூறுகள்

மின்சாரம் முதலில் உருகியையும், இரைச்சலை நீக்கும் வடிப்பியையும் கடக்கின்றது. பின்னர் இருமுனையங்களாலான திருத்தி அதனை ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை அழுத்தமாக மாற்றுகின்றது. இவ்வாற்றல் பெரிய முதன்மை மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகின்றது. திரிதடையங்கள் இதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து மின்மாற்றிக்குள் செலுத்துகின்றன. அதிர்வெண் மிகுதியாக இருப்பதால் சிறிய மின்மாற்றியே போதுமானதாகின்றது. மின்மாற்றியின் மறுபக்கத்தில் உள்ள இருமுனையங்கள், மின்தூண்டிகள், மின்தேக்கிகள் ஆகியன வெளியீட்டைச் சீராக்குகின்றன.

மின்தேக்கிகளும் வெப்பமும்

மின்பகு மின்தேக்கிகளில் 85 பாகை, 105 பாகை என வெப்ப வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். இயங்கும் வெப்பநிலை 10 பாகை குறையும்போது இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 65 பாகையில் ஏறத்தாழ 32,000 மணி நேரம் உழைக்கும். அதே ஆயுள் குறிக்கப்பட்ட 85 பாகை வகையோ 8,000 மணி நேரமே உழைக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கினால் இது 1,000 நாட்கள் மட்டுமே. விசைத்தறிக் கூடங்களின் பஞ்சுத் துகளும் தூசியும் விசிறியில் படிந்தால் வெப்பம் மேலும் கூடும். மேற்புறம் உப்பிய மின்தேக்கி பழுதடைந்ததற்கான அடையாளமாகும்.

மின்வெட்டும் தாங்கு நேரமும்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டு நிலவியது. 2012இல் சென்னைக்கு வெளியே இது நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தது. மின்சாரம் நின்றதும், எளிய வகை யூ.பி.எஸ். கருவி மின்கலத்திற்கு மாறச் சில மில்லிநொடிகள் ஆகும். அவ்விடைவெளியில் முதன்மை மின்தேக்கிகளில் உள்ள ஆற்றலே கணினியை இயக்குகின்றது. செலவைக் குறைக்கச் சிறிய மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருந்தால், யூ.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்து மீண்டும் தொடங்கக்கூடும். சேமிக்கப்படாத கோப்புகள் இழக்கப்படும்.

தரத்தை அறிதல்

* மலிவான மின்வழங்கிகளில் வடிப்பியின் மின்தூண்டி, மின்தேக்கிகள் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகவோ கம்பித் துண்டால் இணைக்கப்பட்டோ காணப்படும்.
* வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் மெல்லியனவாகவும், மின்மாற்றி சிறியதாகவும் இருக்கும். அதனால் எடையும் குறைவாக இருக்கும்.
* 450 வாட் எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், 12 வோல்ட் இணைப்பு 14 ஆம்பியர் மட்டுமே தருமாயின் அதிலிருந்து 168 வாட் மட்டுமே கிடைக்கும். தற்காலக் கணினியின் செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் இணைப்பையே சார்ந்துள்ளன.
* 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழ் மின்வழங்கியின் பயனுறுதிறனைக் குறிக்கின்றது. வீணாகும் ஆற்றல் குறைவதால் உள்ளே உண்டாகும் வெப்பமும் குறைகின்றது. எனினும் இது ஆயுளுக்கான உறுதி அன்று.

நில இணைப்பும் பாதுகாப்பும்

வடிப்பியின் சில மின்தேக்கிகள் உலோகப் பெட்டியுடன் இணைக்கப்பட்டவை. வீட்டில் முறையான நில இணைப்பு இல்லையெனில், பெட்டியில் வழங்கு அழுத்தத்தின் ஏறத்தாழ பாதி தோன்றும். கணினியைத் தொடும்போது உணரப்படும் மெல்லிய அதிர்ச்சிக்கு இது பொதுவான காரணமாகும். எனினும் வேறு மின்கசிவாலும் அதிர்ச்சி ஏற்படலாம் என்பதால் இதனைப் புறக்கணித்தல் கூடாது.

சில பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115/230 என்ற மாற்றி இருக்கும். இந்தியாவில் இதனை 115இல் வைத்து இயக்கினால் மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும்.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் முதன்மை மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான அழுத்தம் எஞ்சியிருக்கலாம். ஆதலால் பயிற்சி இல்லாதவர்கள் மின்வழங்கியின் மூடியைத் திறத்தல் கூடாது. எடை, முகப்புச் சீட்டு, காற்றுத் துளைகளின் வழியே தெரியும் பாகங்கள் ஆகியவற்றை வெளியிலிருந்தே ஆராயலாம்.