காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

உங்கள் வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் இருக்கிறதா? இருந்தால் இதைப் படியுங்கள்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் லைன் வீடுகளில் மக்கள் இருக்கிறார்கள். எங்கள் லைனில் ஒரு பாட்டி. அவரிடம் மூன்று வெள்ளி ரூபாய்கள் இருந்தன. மூன்றிலும் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை.

பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒன்றை விற்க நினைத்தார் பாட்டி. காசு கறுத்துப் போயிருந்தது. விற்கும் பொருள் பளபளவென்று இருக்க வேண்டாமா? புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்தார். பெங்களூரில் ஒரு கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இதை யார் தேய்த்தது?" என்று கேட்டார்.

வெள்ளிக்கு உண்டான விலையை மட்டும் கொடுத்தார்.

ஏன் அப்படி? நகையை எடை போட்டு வாங்குவார்கள். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி. ஆனால் பழைய காசு சேர்ப்பவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கீறல் உண்டா, அச்சடித்த நாளின் மினுமினுப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் தேய்த்தால் அந்த மினுமினுப்பு போய்விடும். திரும்ப வராது.

இப்படித் தரம் பார்ப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் 1986, 1987-ஆம் ஆண்டுகளில் இரண்டு பெரிய நிறுவனங்கள் தொடங்கின. காசு நிஜமா போலியா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுவார்கள். பரீட்சை மாதிரிதான்! 60-உம் அதற்கு மேலும் வாங்கினால், அது பலர் கையில் புழங்காத காசு. மதிப்பெண் எழுதிய சீட்டோடு காசைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுவார்கள். தேய்த்துத் துலக்கிய காசுக்கு மதிப்பெண் இல்லை. 'துலக்கியது' என்று சீட்டில் எழுதிவிடுவார்கள்.

உறை போட்டால் விலை ஏன் ஏறுகிறது? வாங்குபவர் எங்கோ தூரத்தில் இருப்பார். காசைத் தொட்டுப் பார்க்க முடியாது. போலியோ என்ற பயம் இருக்கும். சீட்டு அந்தப் பயத்தைப் போக்குகிறது.

அதற்காக எல்லாக் காசையும் அனுப்ப வேண்டாம். உறை போட 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காசே அவ்வளவு போகாது என்றால் நஷ்டம்தானே? அபூர்வமான காசுக்குத்தான் இது சரி. இன்னொன்று: நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

அபூர்வம் என்றால் எது? 1911-ஆம் ஆண்டு ரூபாயைச் சொல்லலாம். அதில் ராஜாவின் அங்கியில் ஒரு சின்ன யானை இருந்தது. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம் மக்கள் மனம் வருந்தினார்கள். அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்றது. 1912-இல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். அதனால் 1911 காசு குறைவாகவே கிடைக்கிறது.

'உங்கள் பழைய காசுக்கு லட்ச ரூபாய், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று போனில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள். தங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

பாட்டியிடம் இன்னும் இரண்டு காசுகள் இருக்கின்றன. அவற்றைத் தேய்க்கவில்லை. தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். தூக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்கிறார். போன வாரம் வருடத்தை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்று 1918. மற்றது 1912.

"ஒரு வருஷம் தப்பிப்போச்சே!" என்றார்.

அதில் இருப்பது யானையேதான். தும்பிக்கை நன்றாகத் தெரிகிறது.