வாடகை வீட்டுக் கதவும் காரீய விஷமும்

பல அடுக்குச் சாயம்

நாகர்கோவிலின் வடசேரியிலும் கோட்டாற்றிலும், தக்கலைப் பக்கத்திலும், திருவிதாங்கூர்க் காலத்து மரக்கதவுகளை உடைய வீடுகள் இன்றும் வாடகைக்கு விடப்படுகின்றன. இரு பருவமழைகளையும் கடலோரத்து உப்புக்காற்றையும் ஏற்கும் இம்மாவட்டத்தில் பெயின்ட் நெடுநாள் நிலைப்பதில்லையாகையால், உரிந்ததன்மேல் பூசிப் பூசி, பல தலைமுறைச் சாயங்கள் அக்கதவுகளில் படிந்து கிடக்கின்றன. மஞ்சள், சிவப்பு முதலிய பளிச்சென்ற எனாமல் வர்ணங்களிலும், ஜன்னல் கம்பி துருப்பிடியாதிருக்க அடிக்கும் செந்நிறப் பூச்சிலும் காரீயம் கலப்பது நெடுங்கால வழக்கம். சுண்ணாம்பு அடித்த சுவர் இவ்விஷயத்தில் நிரபராதி.

குழந்தைக்கே பெருந்தீங்கு

உரிந்த சாயம் தூளாகித் தரையில் படிய, தவழும் சிசு அத்தரையைத் தொட்ட விரலை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் கிரகிக்கும் என்றும், அபாயமற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தசோகையையும் புத்தி மந்தத்தையும் விளைவிக்கும் இவ்விஷம், எலும்பில் பல்லாண்டு தங்கி, கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் கலந்து கருவையும் சேர்கிறது. ஆரம்பத்தில் வெளிப்படையான அறிகுறி பெரும்பாலும் இராது. இரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும்.

சட்டத்தின் மௌனம்

1978-இல் வீட்டுச் சாயத்தில் காரீயத்தைத் தடுத்த அமெரிக்கா, அதற்கு முந்திய வீட்டை வாடகைக்கு விடுவோர் தாம் அறிந்த காரீய அபாயத்தைக் குடிவருவோருக்குத் தெரிவித்தே ஆகவேண்டுமென 1992-இல் சட்டம் செய்தது. நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல், புதிய வீட்டுச் சாயத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது. பழைய கதவைப்பற்றி அவ்விதி பேசவில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, வெள்ளையடித்தலையும் கதவு, ஜன்னல்களுக்குச் சாயம் பூசுதலையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பென்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. காரீயச் சோதனையைக் குறிப்பிடவில்லை. பூசுவது கடமையென்றால், எதைச் சுரண்டிவிட்டுப் பூசுகிறோம் என்றறிவதும் அக்கடமையுள் அடங்கும் என்பதே என் அபிப்பிராயம்.

மராமத்தின்போது

அட்வான்ஸை எண்ணி வாங்கும்போது காட்டும் சிரத்தையில் பாதியையேனும் வீட்டுக்காரர் இதில் காட்டி, ஒரு பெயின்ட் சில்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். இயலாவிடின், பழைய சாயத்தில் காரீயம் உண்டென்றே கொள்வது உத்தமம். உப்புத்தாளால் உலரத் தேய்ப்பதும் தீயால் கருக்குவதும் கூடவே கூடா. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்கச்செய்து, நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் தரையைத் துடைக்க வேண்டும். சுரண்டிய தூளைத் தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது. குடிபோகிறவர்களும் வாடகைச்சீட்டில் கையெழுத்திடுமுன் கதவுக்கு எப்போது, எந்தப் பெயின்ட் அடித்தது என்று கேளுங்கள். குழந்தை சாயச் சில்லைக் கடிப்பதைக் கண்டால், இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.