காயலாங்கடைச் சாமானில் இன்ஜின் ஸ்டாண்டு: மாடல் விமானம் பறக்கும் முன் தரையில் என்ன நடக்க வேண்டும்?

மாடல் விமானத்துக்கான சின்ன இன்ஜினை முதன்முறையாக ஸ்டார்ட் செய்யும்போது அதை எதில் பிடித்து வைப்பது? பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை ஆபத்தானது. ஒருவர் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் விரலால் புரொபெல்லரைத் தட்டுவார். இல்லாவிட்டால் இன்ஜினை வைஸில் இறுக்கிவிட்டு, “ரெண்டு நிமிஷம்தானே, ஓட்டிப் பார்த்துடலாம்” என்பார்கள்.

அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குல புரொபெல்லர் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் அதன் முனை நொடிக்கு சுமார் 160 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 570 கிலோமீட்டருக்கும் மேல். விரல் பட்டால் தையல் போடும் அளவோடு நிற்காது. வைஸில் இறுக்குவதும் சரியில்லை. மெல்லிய அலுமினிய உடம்பு நசுங்கி, உள்ளே பேரிங் இருக்கும் இடம் கோணிவிடும். ஓடவைத்துப் பார்க்கப் போய் இன்ஜினையே கெடுத்த கதையாகும்.

இதற்குத்தான் டெஸ்ட் ஸ்டாண்டு. இன்ஜினை அசையாமல் பிடிக்கும், எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும், ஓட்டுபவரைப் புரொபெல்லருக்குப் பின்னால் நிற்கவைக்கும். கடையில் வாங்கினால் விலை அதிகம். ஆனால் இதன் பெரும்பகுதியைப் பழைய இரும்புக் கடையிலேயே தேற்றிவிடலாம். பெரும்பகுதியைத்தான், முழுவதையும் அல்ல.

ரைட் சகோதரர்களுக்கும் தரையில்தான் உடைந்தது

பழைய சாமான் என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். 1901-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்கள் இறக்கைகளைச் சோதிக்க ஒரு சின்னக் காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். அதற்குள் வைத்த அளவுத் தராசுகளைச் செய்தது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் பழைய ஹாக்ஸா பிளேடிலும்தான். கிட்டியது துல்லியமான அளவு. அதை நம்பித்தான் விமானம் கட்டினார்கள்.

அவர்களுடைய இன்ஜினின் கதை இன்னும் நெருக்கமானது. சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் அதை ஆறு வாரத்தில் உருவாக்கினார். 1903 பிப்ரவரியில் பட்டறையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது பேரிங் இறுகி, இன்ஜினின் அலுமினிய உடம்பே உடைந்தது. புதிதாக வார்த்து மறுபடி ஓட்ட மே மாதம் ஆகிவிட்டது. டிசம்பர் 17 அன்று வானில் ஏறியது அந்த இரண்டாவது உடம்புதான். முதல் உடம்பு தரையில் உடையாமல் மேலே போய் உடைந்திருந்தால்?

பெரிய அளவிலும் இதே வேலைதான் நடக்கிறது. இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின்களைத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் மேடையில் கட்டிப்போட்டு எரியவிட்டுப் பார்க்கிறார்கள். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் நான்கு நிறுத்தம் தள்ளியிருக்கும் ஆவடியில், பீரங்கி வண்டி இன்ஜின்களுக்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அந்த வரிசையில் கடைசியில் நிற்பது இந்த வீட்டு ஸ்டாண்டு.

என்ன பொறுக்கலாம்?

திருநின்றவூரின் வசதி அது இருக்கும் இடம். ஒரு பக்கம் ஆவடி, அம்பத்தூர் பட்டறைகள். இன்னொரு பக்கம் காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகள். கழிவு இரும்பு கிலோ கணக்கில் கிடைக்கும். மோட்டார் பைக் சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெரு. கையில் பொருளில்லாமல் மனதிலேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. இன்ஜின் ஸ்டாண்டுக்கு அந்த வழி செல்லாது, காயலாங்கடைக்கு ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும்.

முதலில் தேட வேண்டியது பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால். கனமானது, இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும், அதிர்வைத் தாங்கும். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது லேசான வேலையில்லை, விரிசல் விடும். அதனால் துளை போட்டு போல்ட் மாட்டுவதே நல்லது. மேல்பலகைக்கு, வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு நிலைச்சட்டம் போதும்.

அடுத்தது, உடைந்த கம்ப்யூட்டர் மேசையிலிருந்து கழற்றிய டிராயர் சேனல் ஒரு ஜோடி. உள்ளே குண்டு பேரிங் உள்ள வகையாக இருக்க வேண்டும். இந்த இரண்டு சேனலையும் மேல்பலகையில் இணையாகப் பதித்து, அவற்றின்மேல் ஒரு சின்னப் பலகையை வண்டி மாதிரி ஓடவிட வேண்டும். இன்ஜின் உட்காருவது இந்த வண்டியில். இரண்டு கடினமரக் கட்டைகளுக்கு நடுவே இன்ஜினின் உடம்பு இறங்கி, இருபுறக் காதுகளும் கட்டைமேல் அமர்ந்து, நான்கு போல்ட்டில் இறுக வேண்டும். புரொபெல்லர் பலகையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே சுற்ற வேண்டும். பலகைக்கு மேலேயே சுற்றினால் காற்று தடைபட்டு அளவு தப்பாகும்.

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கொக்கி, அதில் ஒரு ஸ்பிரிங் தராசு, தராசின் மறுமுனை பின்னால் உள்ள தூணில். இன்ஜின் ஓடியதும் வண்டி முன்னால் போகப் பார்க்கும், தராசு இழுபடும், எத்தனை கிலோ என்று காட்டும். அவ்வளவுதான் கருவி.

எல் வடிவ நெம்புகோல் செய்து சமையலறை டிஜிட்டல் தராசை அழுத்தவைக்கும் முறையும் உண்டு. செய்வது சுலபம், அளவும் நன்றாக வரும். ஆனால் முன்னோக்கி இழுக்கும் இன்ஜினுக்கு அப்படிச் செய்தால் தராசு புரொபெல்லருக்கு முன்னால், கீழே வந்து உட்காரும். எண்ணைப் படிக்கக் குனிபவர் முகம் எங்கே இருக்கும் என்று யோசித்தால் போதும். அளவைப் பின்னால் நின்று படிக்க முடிவதுதான் டிராயர் சேனல் முறையின் பெரிய லாபம்.

ஸ்பிரிங் தராசு அளக்கத்தான், பிடித்துவைக்க அல்ல. வண்டி 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் நகராதபடி ஒரு தடுப்பு போல்ட் கட்டாயம். அதோடு, பைக் பிரேக் கேபிளில் ஒரு துண்டை வண்டிக்கும் தூணுக்கும் தளர்வாகக் கட்டிவிட வேண்டும்.

எதைப் பொறுக்கக் கூடாது?

ஸ்டாண்டு செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். முக்கால்வாசி ஓசியில் முடிந்ததும், மிச்சத்தையும் அப்படியே முடிக்கலாம் என்று தோன்றும். புரொபெல்லர், இன்ஜினைப் பிடிக்கும் போல்ட் நட்டு, எரிபொருள் குழாய் இந்த மூன்றும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

விளிம்பில் ஒரு கீறல் விழுந்த புரொபெல்லரை ஒட்டியோ, தேய்த்தோ பயன்படுத்தக் கூடாது. சுற்றும்போது ஒரு பக்க இதழ் பிய்ந்தால் மறுபக்கத்தின் எடை இன்ஜினையே பிடுங்கிக்கொண்டு போகும். பழைய போல்ட்டின் மரை தேய்ந்திருக்கும், அதிர்வில் கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள புது நட்டின் விலை சில ரூபாய்தான். குழாய் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சிலிக்கான் குழாய் மெத்தனால் கலந்த எரிபொருளுக்கு நன்றாக உழைக்கும். பெட்ரோலில் போட்டால் ஊதிப்போய் நழுவும். பெட்ரோலுக்கென்று விற்கும் குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எரிபொருள்: சட்டமும் உயிரும்

பெரும்பாலான சின்ன மாடல் இன்ஜின்கள் குளோ பிளக் வகை. மெத்தனால், விளக்கெண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன் கலந்தது அதன் தீனி. தமிழ்நாட்டில் மெத்தனால் என்ற சொல்லை இனி யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். “லேப் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு லிட்டர் வாங்கிக்கலாம் தம்பி” என்று யாராவது சொன்னால் தவிர்த்துவிட வேண்டும். அந்த வில்லங்கம் பொழுதுபோக்கின் அளவைத் தாண்டியது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீயின் சுவாலை கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு ஆபத்து.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குப் பொருத்தமானது பெட்ரோல் இன்ஜின் அல்லது மின்மோட்டார். புல்வெட்டும் இயந்திரத்தின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மாடல் விமானத்துக்கு மாற்றுவது உலகம் முழுக்க நடக்கும் வேலை. காயலாங்கடையில் அந்த இன்ஜின் அகப்பட்டாலும், புரொபெல்லரைப் பூட்டும் ஹப்பை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும். துளி கோணினாலும் ஸ்டாண்டே ஆடும். இந்த இன்ஜின்களில் தீப்பொறி மேக்னட்டோவிலிருந்து வருவதால், அதை எர்த் செய்யும் ஒரு சுவிட்ச் இருந்தால் உடனே நின்றுவிடும். பழைய பைக்கின் கில் சுவிட்ச் இதற்குக் கச்சிதம். அதைப் பொருத்த வேண்டிய இடம் பின்பக்கத் தூண்.

எந்த எரிபொருளானாலும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருக்கும்.

அளவு உண்மைதானா?

தராசு ஒரு எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. முதலில் ரசமட்டம் வைத்து சேனலைச் சமப்படுத்த வேண்டும். வண்டியும் இன்ஜினும் சேர்ந்து 2 கிலோ என்றால், 1 டிகிரி சரிவுக்கே சுமார் 35 கிராம் பொய் சேரும்.

பிறகு எடை சோதனை. வண்டியின் முன்பக்கத்தில் கயிறு கட்டி, ஒரு சின்னக் கப்பி வழியாகக் கீழே விட்டு, 1 லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் மட்டும் 1 கிலோ, பாட்டிலின் எடையை அதோடு கூட்டிக்கொள்ளலாம். தராசு அதைக் காட்டுகிறதா? இரண்டாவது பாட்டிலைச் சேர்த்தால்? எடையை ஏற்றும்போது ஒரு எண்ணும், இறக்கும்போது வேறு எண்ணும் வந்தால் சேனலில் உராய்வு இருக்கிறது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

சுற்று வேகத்தை அளக்க விலை குறைந்த ஆப்டிகல் டேக்கோமீட்டர் கிடைக்கிறது. அதைச் சரிபார்க்க வீட்டிலேயே வழி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். டேக்கோமீட்டரை இரண்டு இதழ் என்று வைத்து அந்த விளக்கைக் காட்டினால் 3,000 என்று வர வேண்டும். அதே காரணத்தால், டியூப்லைட்டுக்குக் கீழே இன்ஜினை அளந்தால் எண் குழம்பும். வெயில் வெளிச்சத்தில்தான் அளக்க வேண்டும்.

இந்த வேகம் ஏன் முக்கியம்? ஒரே புரொபெல்லரில் உந்துவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10,000 சுற்றிலிருந்து 11,000-க்குப் போனால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது, உந்துவிசை 21 சதவீதம் கூடுகிறது. சுமார் 2.5 கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்துக்கு, நின்ற நிலையில் ஒன்றரை கிலோவுக்குமேல் உந்துவிசை வந்தால் தைரியமாக மைதானத்துக்குப் போகலாம். பறக்கவிடும் முன் 2021-ன் ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுவது அவசியம். ஆவடிக்கும் அரக்கோணம் கடற்படை விமானதளத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது.

ஓட்டும் நாள்

மொட்டை மாடி வேண்டாம், சத்தம் தெருவையே கூட்டும். ஜல்லி, மணல் இல்லாத திறந்த இடம் வேண்டும். புரொபெல்லர் சின்னக் கல்லைக்கூட உறிஞ்சி வீசும். எரிபொருள் டேங்கின் நடுமட்டம் கார்ப்பரேட்டர் ஊசியின் உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி, காதடைப்பு கட்டாயம். லுங்கி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் கூடாது. தட்டி ஸ்டார்ட் செய்ய விரல் வேண்டாம். துடைப்பக் கட்டையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் போதும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் எல்லோரும் பின்னால். புரொபெல்லர் சுற்றும் தளத்துக்கு நேர்ப்பக்கவாட்டில் யாருமே நிற்கக் கூடாது, உடைந்த துண்டு போவது அந்தப் பக்கம்தான்.

மின்மோட்டாரிலும் அசட்டை கூடாது. பேட்டரியை இணைத்த நொடியில் சுற்றத் தொடங்கலாம். அமைப்புகளை மாற்றும்போது புரொபெல்லரைக் கழற்றி வைப்பதே வழக்கமாக வேண்டும்.

சைலன்சர் வழியாக டேங்குக்கு அழுத்தம் போகும் குளோ இன்ஜின்களில், சீராக ஓடும்போது எரிபொருள் குழாயைப் பின்னாலிருந்து ஒரு கணம் கிள்ளிப் பார்ப்பார்கள். வேகம் சற்று ஏறிவிட்டுக் குறைந்தால் எரிபொருள் கொஞ்சம் அதிகம், அது நல்லது. கிள்ளியதுமே வேகம் விழுந்தால் எரிபொருள் போதவில்லை; இன்ஜின் சூடேறி இறுகுமுன் ஊசியைத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, தேதி, புரொபெல்லர் அளவு, சுற்று, கிலோ எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வெப்பநிலையையும் சேர்த்து. 25 டிகிரிக் காலையோடு ஒப்பிட்டால் 40 டிகிரி மே மாத மதியத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு. டிசம்பரில் 2 கிலோ இழுத்த இன்ஜின் மே மாதத்தில் 1.9 காட்டினால் அது இன்ஜினின் கோளாறு அல்ல. ஊசியைத் தொடும் முன் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.