மேற்கோளற்ற வரி நிலைக்காது

தமிழ் விக்கிப்பீடியாவில் தலித் வரலாற்றை எழுத முன்வரும் மாணவர்கள், தாம் எழுதியவை நீக்கப்படுவதைக் கண்டு சோர்வடைவதுண்டு. நீக்குபவரிடம் சாதி மனம் இருக்கக்கூடும். எனினும், மேற்கோள் இல்லாத வரியை எவரும் நீக்குவதற்கு அத்தளத்தின் விதியே இடமளிக்கிறது. அவ்வாய்ப்பை நாம் வழங்கலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இது தகவல், நாளையும் எண்ணிக்கையையும் கூறும் நம்பத்தகுந்த நூல் ஒன்றைச் சுட்டினால் போதும். அக்கொடுமை கூலிப் போராட்டத்தின் மீதான தாக்குதலா, சாதிய வன்கொடுமையா என்பதோ விளக்கம். விளக்கத்தை நம் குரலில் எழுதாமல், எந்த ஆய்வாளர் எந்த நூலில் அவ்வாறு கூறுகிறார் என்று எழுத வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் விடுவித்தது என்பதற்குத் தீர்ப்பே சான்றாகும். அத்தீர்ப்பு அநீதியானது என்பதற்கு, அவ்வாறு வாதிட்டவரின் எழுத்தே சான்றாக வேண்டும். இரு சான்றுகளை இணைத்து, அவற்றுள் எதுவுமே கூறாத முடிவை நாமாக வருவிப்பது சொந்த ஆய்வு எனக் கருதப்படும்.

சான்று இணையத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சு நூலாயின் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தருக. இணையச் செய்தியாயின், அது மறைந்துபோகுமுன் இணைய ஆவணகத்தில் சேமித்து அவ்விணைப்பையும் சேர்க்க. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்', அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஆகிய இதழ்கள், அவர்கள் கூறியவற்றுக்கு நேரடிச் சான்றுகள். அவற்றின் தாக்கத்தை மதிப்பிடப் பிற்கால ஆய்வு நூல்களை நாடுக.

நம் வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழியாகவே வாழ்கிறது. முகநூல் பதிவும் சொந்த நினைவும் அங்கே சான்றாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே, நம் ஊர் முதியோரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்வோர், ஆசிரியர் குழு உள்ள இதழிலோ பதிப்பகத்திலோ அவற்றை முதலில் வெளியிட வேண்டும். அதன் பின்னரே அவை மேற்கோளாகும்.

சான்றுடன் எழுதியதும் நீக்கப்பட்டால், மீண்டும் மீண்டும் சேர்த்துப் போரிட வேண்டா. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பக்க எண்ணுடன் சான்றை முன்வைத்துக் காரணம் கேளுங்கள். அவ்வுரையாடலும் பதிவாகி நிற்கும். நீக்கியவர் அனைவர் முன்னிலையிலும் விடை கூறியாக வேண்டியிருக்கும்.