இணையவழிப் பியானோ வகுப்பில் பாவம் ஏன் தொலைகிறது?

இலங்கை மலையகத்து அப்புத்தளை மாணவி ஒருத்தி லண்டன் ஆசிரியருக்கு இணையவழியில் இசையமைப்பாளர் ஷோப்பானின் உருப்படி ஒன்றை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சுரம் எதுவும் தவறவில்லை; ஆனால் அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாவம், அதாவது உணர்ச்சி வெளிப்பாடு, ஆசிரியரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்?

வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. மெல்லத் தொட்ட சுரத்தை அவை உயர்த்தும். ஓங்கி ஒலித்ததைத் தாழ்த்தும். பெடலை மிதித்தபின் நீண்டு தேயும் நாதத்தை இரைச்சல் என்று வெட்டிவிடும். பாவம் வாழ்வதோ அந்த ஏற்ற இறக்கத்திலும் தேய்விலும்தான்.

அடுத்தது தாமதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். லண்டன் சுமார் 8,700 கி.மீ. தொலைவு, ஒருவழிக்கே 40 மில்லிநொடிக்கு மேல். 30ஐத் தாண்டினாலே சேர்ந்து வாசிப்பது தடுமாறும்.

எப்படிச் சமாளிப்பது? செயலியில், ஒலியை மாற்றாமல் அனுப்பும் மூல ஒலி அமைப்பை இயக்கி, தனி மைக் வைக்க வேண்டும். மின்பியானோ என்றால், விசை இறங்கும் வேகத்தை மிடி (MIDI) என்னும் இசைத்தரவு முறை 127 வரையான எண்ணாகவே அனுப்பும். எல்லாவற்றையும்விட நல்லது, வாசிப்பை முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பிவிட்டு, வகுப்பில் அதை வரிவரியாக அலசுவது. பிரித்தானிய இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் (ABRSM) 2020இல் தொடங்கிய நிகழ்த்துகைத் தேர்வும், இடைநிறுத்தாமல் வாசித்த நான்கு உருப்படிகளின் வீடியோவைக் கொண்டே மதிப்பிடுகிறது. தன் பதிவைத் தானே கேட்டுத் திருத்தும் மலையகப் பிள்ளைக்குத் தூரம் தடையே அல்ல.