கரண்டி யார் கையில்?

எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 1956ஆம் ஆண்டு ஜூலை மாதம், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தை முதலமைச்சர் காமராசர் தொடங்கி வைத்த ஊர் அது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட இடம்.

அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சாப்பிட வரவில்லை. சமைத்தவர் ஒரு தலித் பெண். அவர் கையால் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். சாதி காரணமில்லை, வேலை நியமனத்தில் வந்த சண்டைதான் என்றும் சிலர் பேசினார்கள். சண்டை எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பெண்ணைத் தோற்கடிக்க அவர்கள் கையில் எடுத்தது அவருடைய சமையலைத்தான். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பிரச்சினை தணிந்தது.

அதே மாதத்தில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் இதேபோல நடந்தது. மாவட்ட ஆட்சியர் பள்ளிக்கே போனார். அந்தச் சமையலர் செய்த உணவைச் சாப்பிட்டார். மறுப்பவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரும் என்று எச்சரித்தார்.

தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசவும் வேண்டும். ஆனால் தட்டில் சோறு விழுந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. அந்தச் சோற்றைப் போட்ட கரண்டி யார் கையில் இருந்தது என்றும் கேட்கவேண்டும்.

நூறாண்டுத் தொடர்ச்சி

இந்தத் திட்டங்கள் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அப்போது ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு என்று கணக்கு. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட ஆங்கில அரசு இசையாததால் 1925இல் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது.

காமராசர் காலத்தில் ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும் அரசின் பணமும் சேர்ந்து பள்ளி அடுப்பு எரிந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் ஊருக்கு ஊர் சத்துணவுக் கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் வந்தன. கலைஞர் ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார் என்று இன்று பிள்ளைகள் காலையிலேயே சூடாகச் சாப்பிடுகிறார்கள். விடியும் முன்னே களையெடுக்கவும் செங்கல் சூளைக்கும் போகும் தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும்.

கட்சி மாறியது, ஆட்சி மாறியது. உணவுத் திட்டம் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தார்கள். இது தமிழ்நாட்டின் சாதனை. ஆனால் இந்த நூறாண்டில் மாறாத ஒன்றும் இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு. அரசு அடுப்பு எரியும் இடத்துக்கும் அந்தக் கோடு வந்து நிற்கிறது.

எங்கே கட்டுகிறார்கள்?

சுகதேவ் தோரட், ஜோயல் லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பு அது. மதிய உணவும் ரேஷன் கடையும் தலித் மக்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் ஆய்வு செய்த ஊர்களில் நூற்றுக்குப் பத்தொன்பதில்தான் மதிய உணவு தலித் குடியிருப்பில் வழங்கப்பட்டது. மற்ற இடங்களிலெல்லாம் நம் பிள்ளைகள்தான் கோட்டைத் தாண்டிப் போகவேண்டும்.

இதைப் படிக்கும்போது சிலருக்கு, நாலு தெரு தள்ளி நடந்தால் என்ன என்று தோன்றலாம். சும்மா இருக்கும் நாளில் அது நாலு தெருதான். ஊரில் சாதிச் சண்டை வந்த மறுநாள் அது நாலு மைல். ரேஷன் கடை ஊர்த்தெருவில் இருந்தால், பதற்றமான வாரங்களில் அரிசி வாங்கப் போவதற்கே பயம். கடை காலனியில் இருந்தால் இந்தப் பயம் இல்லை. அரசாணையில் எல்லோருக்கும் ஒரே அரிசிதான். கடையும் பள்ளியும் எந்தப் பக்கம் கட்டப்படுகின்றன என்பதில்தான் வேறுபாடு புகுந்துவிடுகிறது.

எனவே உங்கள் ஊராட்சியில் புதிய அங்கன்வாடியோ சத்துணவுக் கூடமோ பகுதிநேர ரேஷன் கடையோ வரப்போகிறது என்று தெரிந்தால், இடம் முடிவாகும் முன்பே பேசுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு எழுதும் மனுவுக்குப் பலன் குறைவு.

சமையல் வேலையும் அடிப்படைத் தேவைதான்

ஏழைக் குடும்பங்களின் அடிப்படைத் தேவை என்று பேசும்போது நாம் பெரும்பாலும் சாப்பிடும் பிள்ளையை மட்டும் பார்க்கிறோம். சமைக்கும் பெண்ணையும் பார்க்கவேண்டும். நிலம் இல்லாத வீட்டில், கணவர் கேரளாவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட வீட்டில், சொந்த ஊரிலேயே மாதச் சம்பளம் தரும் வேலை பெண்களுக்கு எத்தனை இருக்கிறது? சத்துணவு சமையலர் வேலை அதில் ஒன்று. காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகச் சமையலர்களைத் தேர்வு செய்கிறார்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஆக, அந்தப் பெண் பள்ளிக்கு அந்நியர் இல்லை. உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்று அவருடைய பிள்ளை. அம்மா சமைத்த சோற்றைப் பக்கத்தில் இருக்கும் தோழன் தொடமாட்டேன் என்கிறான். அந்தப் பிள்ளையின் மனதில் அன்று என்ன எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பாடநூலாலும் அதை அழிக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் இதை முன்பே உணர்ந்திருந்தது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கவேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2004 ஏப்ரல் 20 அன்று அதே வழக்கில் இன்னொரு உத்தரவு வந்தது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது அது. அரசு அடுப்பில் நம் பெண்கள் நிற்பது யாரோ போட்ட பிச்சை இல்லை. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன ஏற்பாடு.

இடமாற்றம் என்னும் தண்டனை

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்க வந்தார். ஆதிக்க சாதியினர் எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். அதிகாரிகள் உடனே என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. சமைக்க வந்தவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தலித் அமைப்புகளும் இடதுசாரி இயக்கங்களும் திரண்டு கேட்ட பிறகுதான் மாற்றல் ஆணை ரத்தானது; வழக்கும் பதிவானது.

"பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், இந்த அம்மாவை மாற்றிவிட்டால் ஊர் அமைதியாகிவிடும்" என்பது அலுவலகங்களில் வழக்கமாகக் கேட்கும் நியாயம். கேட்க நல்லெண்ணம்போல இருக்கும். ஆனால் அந்த ஆணையில் கையெழுத்து விழும் நிமிடத்தில், தீண்டாமை ஓர் அலுவலக நடைமுறை ஆகிவிடுகிறது. சாப்பிட மறுத்தால் ஆளை மாற்றலாம் என்று அடுத்த ஊரும் கற்றுக்கொள்கிறது. குற்றம் செய்தவர் வீட்டில் இருக்கிறார். குற்றத்துக்கு ஆளானவர் பேருந்தில் வேறு ஊருக்குப் போகிறார். கரூரில் ஆட்சியர் வேறு வழியைக் காட்டினார். சமையலரை நகர்த்தாமல் எதிர்ப்பாளர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துவேன் என்றார். அதிகாரி நினைத்தால் அன்றைக்கே முடியக்கூடிய காரியம்தான் இது.

வடக்கிலும் இதே கதை உண்டு. உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் சுக்கிதாங் என்ற ஊரின் அரசுப் பள்ளி. 2021 டிசம்பரில் தலித் பெண் ஒருவர் சமைத்ததை மற்ற சாதி மாணவர்கள் மறுத்தார்கள். நியமன விதிமீறல் என்று காரணம் சொல்லி அவரை நீக்கினார்கள். உடனே அங்கே படித்த தலித் மாணவர்கள், அவருக்குப் பதிலாக வந்த மற்ற சாதிப் பெண் சமைத்ததை உண்ணமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. நிர்வாகம் இறங்கிவந்து அந்தப் பெண்ணுக்கே மீண்டும் வேலை கொடுத்தது. பெரியவர்கள் தயங்கிய இடத்தில் மாணவர்கள் நின்றார்கள். நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீண்டாமையை ஒழித்தது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவர் ஒரு தொழிலையோ வேலையையோ செய்வதைத் தடுப்பதும், அவரையோ அவர் குடும்பத்தையோ சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் அதன்படி குற்றம். கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அரசு ஊழியரையும் சட்டம் விடுவதில்லை. புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் திருத்தமும் வந்தது. அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்குத் தரப்படவேண்டும்.

ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூடவேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, சத்துணவுக் கூடங்களைப் பற்றிப் பேசியதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14566.

நாம் செய்யவேண்டியது

வழக்கு கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல.

கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் தெருப் பெண்கள் பத்துப் பேராவது சேர்ந்து போங்கள். ஊராட்சியில் எத்தனை சத்துணவு, அங்கன்வாடி, காலை உணவுப் பணியிடங்கள் இருக்கின்றன, அவற்றில் நம் பெண்கள் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்கவேண்டும், நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு உரிய பங்கு தரவேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். "வேலைக்குப் போகணும், நேரமில்லை" என்று அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சமையற்கூடத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் சில நாளாவது பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுங்கள். ஆட்சியரும் அமைச்சரும் எப்போதோ ஒருநாள்தான் வருவார்கள். நீங்கள் தினமும் இருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிச் சாப்பிடும் ஒரு கரண்டி, சாதி தப்பு என்று நீங்கள் நடத்தும் நூறு வகுப்புக்குச் சமம்.

மாணவர்களே, வீட்டில் யாராவது "அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிடாதே" என்று சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் திணறுவார்கள். வயலில் நம் கைபட்ட நெல் வேண்டும், தோட்டத்தில் நம் கைபட்ட காய் வேண்டும். அதே கை அதை உலையில் போட்டால் மட்டும் தீட்டு என்பதற்குச் சொல்ல ஒரு நியாயமும் கிடையாது. கேள்வி கேட்ட வீட்டில் மறுநாள் காலை ஒரு பிள்ளையாவது தட்டோடு வரிசையில் நிற்கும்.