நோய் போனது, கை என்னாயிற்று?

சென்ற மாதம் குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். போனது கோயில் திருவிழா விஷயமாக. பேச்சு முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் அக்கா நம்மைத் தனியே கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். வலக்கை வீங்கியிருந்தது. "இந்த வளையலு முன்ன முழங்கை வரைக்கும் ஏறும் தம்பி. இப்ப மணிக்கட்டத் தாண்ட மாட்டேங்குது" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்குகிறார். மூன்று வருடத்துக்கு முன் வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. விபூதி பூசினார், பச்சிலை வைத்துக் கட்டினார். பிறகுதான் ஆஸ்பத்திரி. மார்பை எடுத்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அடுத்து கீமோ மருந்து. அதற்கும் அடுத்து ஜொகூர் பாருவில், 2004-இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம். குளுவாங்கிலிருந்து போய்வர தினமும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். "மாசாயில தங்கச்சி வீடு இல்லேன்னா பாதியிலயே விட்டுருப்பேன்" என்றார். தங்கச்சி வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

இந்த நோய் வந்தால் சாவுதான் என்பது நம் லயங்களில் ஊறிப்போன எண்ணம். மலேசிய சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஐந்து வருடம் கடந்தும் இருக்கிறார்கள். நான்காம் கட்டத்தில் வருகிறவர்களில் அது 23 பேர்தான். எட்டு மாதம் விபூதியோடு காத்திருந்ததன் விலை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. சாமி கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; கும்பிட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போங்கள்.

சரி, கைக்கு வருவோம். ஏனென்றால் நம் பெண்களுக்குக் கைதான் சம்பளம்.

உடம்பில் இரத்தம் ஓடுவதுபோல நிணநீர் என்று ஒரு நீரும் ஓடுகிறது. கையிலிருந்து வரும் அந்த நீர் அக்குளில் இருக்கும் நெறிகளின் வழியாகத்தான் வடியும். நெறிகளை எடுத்துவிட்டால், அல்லது அந்த இடத்தில் கதிர்வீச்சுப் பட்டால், காண் அடைபட்ட மாதிரி நீர் தேங்கிவிடலாம். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வருகிறவர்களுக்குச் சில மாதம் கழித்தும் வரும், சில வருடம் கழித்தும் வரும். அதனால்தான் பலர் இதையும் பழைய நோயையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 'வேலை செஞ்ச வீக்கம்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அக்காவும் அப்படித்தான் நான்கு மாதம் இருந்தார்.

அவருக்கு இரண்டு பக்கமும் புத்திமதி. பக்கத்து வீட்டுக்காரர், "அந்தக் கையால செம்புத் தண்ணியக்கூடத் தூக்காதே" என்றார். வேலையிடத்திலோ, "அதான் நல்லாயிட்டியே, முழு வேலை செய்" என்றார்கள். இரண்டும் தப்பு. முன்பெல்லாம் டாக்டர்களே அந்தக் கையால் பாரம் தூக்காதே என்றுதான் சொல்லி வந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதியினரைச் சிறுசிறு எடையாகத் தூக்கிப் பழகச் செய்தார்கள். வீக்கம் கூடவில்லை. கைக்குப் பலம்தான் கூடியது. ஆனால் அவர்கள் பழக்குநர் பார்த்துக்கொண்டிருக்க, கைக்கு இறுக்கமான உறை போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல எடையை ஏற்றியவர்கள். முதல் நாளே காண்டா வாளியைத் தோளில் வைத்தவர்கள் அல்ல.

ஆகவே மருத்துவமனையில் பிசியோதெரப்பிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி இறக்கும் பயிற்சியும், இறுக்கு உறை போடும் முறையும் அங்கே சொல்லித் தருவார்கள். செம்பனை முள், கத்தி, எறும்புக் கடி எதுவும் அந்தக் கையில் படாமல் கையுறை போட வேண்டும். சிறு கீறலானாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமி ஏறிய அடையாளம். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் மற்றக் கையை நீட்டுங்கள்.

மாத்திரை விஷயமும் ஒன்று உண்டு. கட்டியின் ரகத்தைப் பொறுத்துச் சிலருக்குத் தெமொக்சிபென் என்ற மாத்திரை தருவார்கள். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட. புண் ஆறிவிட்டதே என்று நிறுத்தக் கூடாது. உடம்பு எரிகிறது, தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லலாம். தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

வேலையைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் தங்கும் விடுப்பு வருடத்துக்கு 60 நாள். 2023 ஜனவரி முதல் இது சாதாரண நோய் விடுப்பில் கழிக்கப்படுவதில்லை; தனிக் கணக்கு. ஊழியர் சேமநிதியிலிருந்து சிகிச்சைச் செலவுக்குப் பணம் எடுக்க வழியுண்டு. இனி உழைக்கவே முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால், சந்தா நிபந்தனைகள் பொருந்தியவர்களுக்குச் சொக்சோவின் 'ஈலாட்' பென்சன் உண்டு. கை வீங்கியதாலேயே அது கிடைத்துவிடாது. அதற்கு முன் இலேசான வேலை கேட்டு, டாக்டரின் கடிதத்தோடு ஆபீசுக்குப் போகலாம். தனியாகப் போவதைவிடச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது என்பது நமது அனுபவம்.

கடைசியாக அக்கா, தான் சொன்னதையெல்லாம் பேப்பரில் போடலாம், பேரை மட்டும் போட வேண்டாம் என்றார். "பெரிய மகளுக்கு வரன் வந்துருக்கு தம்பி. தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க."

நூறு பேருக்கு இந்நோய் வந்தால் அதில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரை வழியாக வருகிறது என்று அவரிடம் சொன்னோம். மகள் தன் தாயின் நோயைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவைத்து, சொல்லும் வயதில் பரிசோதனைக்குப் போனால் போதும் என்றும் சொன்னோம். தலையாட்டினார். "நீங்க சொல்றீங்க, எனக்குப் புரியுது. அவுங்களுக்கு யாரு சொல்றது?"

பெயரைப் போடவில்லை. தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊரோ, நமக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம்.